பம்ப் பண்ணா நிக்குதா? அப்ப நிக்கலைன்னு அர்த்தம்!

டூல்ஸ் பெட்டி: வாராவாரம் ஒரு ஸ்பேனர்

செமஸ்டர் முடிஞ்சுதா? அரியர் எத்தனைன்னு கேட்டு மூடைக் கெடுக்க மாட்டேன், பயப்படாதீங்க. கடைசிப் பரீட்சை முடிஞ்ச அடுத்த நிமிஷம் ஹாஸ்டல் வராண்டாவுல கேக்குற முதல் டயலாக் என்ன? 'மச்சி, எங்கயாவது போலாம்டா!' ரெண்டாவது டயலாக்? 'எங்க வீட்ல கார் சும்மாதான்டா நிக்குது!'

இந்த வாரம் அந்த ரெண்டாவது டயலாக்கைப் பத்திதான் பேசப் போறோம். சும்மா நிக்குற கார் எப்பவும் நல்லாத்தான் நிக்கும். ஓடும்போது நிக்குமா? அதான் கேள்வி!

எங்க சித்தி வீடு போச்சம்பள்ளி. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆளுங்களுக்கு அறிமுகமே தேவையில்லை. ஞாயித்துக்கிழமை சந்தைன்னா சுத்துப்பட்டு கிராமமே அங்கதான் இருக்கும். ஆட்டுக்கு விலை பேசறதுல பாதி தமிழ், பாதி தெலுங்கு, நடுவுல கொஞ்சம் கன்னடம்னு மூணு பாஷை காதுல விழும். இன்னொரு பக்கம் சிப்காட், 2021-ல வந்த ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃபேக்டரி. அந்த ஊர்ல புத்தம்புது கரண்ட் வண்டியும் பார்க்கலாம், எங்க சித்தப்பாவோட மாருதி 800-யும் பார்க்கலாம்.

சித்தப்பா வண்டி 2003 மாடல். மாருதி 800 முதல் வண்டி 1983 டிசம்பர்ல கைமாறிச்சு. 2014 ஜனவரியோட உற்பத்தி நின்னு போச்சு. ஆக, இன்னிக்கு ரோட்டுல ஓடற எந்த 800-ஐ எடுத்தாலும் பத்து வயசுக்கு மேலதான். சித்தப்பா வண்டிக்கு அதுல டபுள். அதுலதான் மனுஷன் ஞாயிறானா சந்தைக்குப் போவார், மாம்பழ சீசன்ல சந்தூர் பக்கம் போவார். அதைத் தாண்டி எங்கயும் போனதில்லை.

போன வருஷ லீவுல அங்க போயிருந்தேன். சித்தி பையன், நம்ம தம்பி, ஃபைனல் இயர். ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டான். "அண்ணா, சனிக்கிழமை ஏலகிரி போறோம். நாலு பேர். அப்பா கார் தர்றேன்னுட்டார். நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து சரியா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, அம்மா ஒத்துக்குவாங்க."

ஏலகிரிக்குப் போனவங்களுக்குத் தெரியும். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர், தமிழ்ப் புலவர்களும் கடையேழு வள்ளல்களும் வரிசையா நிப்பாங்க. பாரி, காரி, ஓரி, நம்ம தகடூர் அதியமான்னு ஒரு தமிழ் கிளாஸே நடக்கும். ஏறும்போது ஜாலி. இறங்கும்போது ஒவ்வொரு வளைவுலயும் பிரேக்!

வண்டியை எடுத்தேன். தெருமுனை வந்ததும் பிரேக்கை மிதிச்சேன். பெடல் பாதி தூரம் காத்துல போற மாதிரி உள்ள போச்சு. நடு ரோட்டுல ஒரு ஆடு என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. மறுபடி ஒரு மிதி. இப்ப பெடல் மேல வந்து கெட்டியா பிடிச்சுது. ஆட்டுக்கும் எனக்கும் நடுவுல ஒரு அடி.

வீட்டுக்கு வந்து சித்தப்பாகிட்ட சொன்னேன். அவர் பேப்பர்ல இருந்து தலையைக்கூடத் தூக்கலை. "அது ரெண்டு தடவை பம்ப் பண்ணணும்ப்பா. பம்ப் பண்ணா கெட்டியா நிக்கும். நாலு வருஷமா அப்படித்தான் ஓட்டறேன்."

மக்களே, இந்த வசனத்தை உங்க வீட்லயும் கேட்டிருப்பீங்க. அப்பா, மாமா, டிரைவர் அண்ணான்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பாங்க. 'பம்ப் பண்ணா நிக்கும்.' நல்லா யோசிச்சுப் பாருங்க... முதல் மிதிக்கு நிக்கலைன்னுதானே இதுக்கு அர்த்தம்? குறுக்க ஓடி வர்ற குழந்தை ரெண்டாவது மிதிக்கு டைம் கொடுக்குமா?

பெடலுக்கு அந்தப் பக்கம் என்னதான் நடக்குது?

பிளஸ் டூ பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? பாஸ்கல் விதி. மூடி வெச்ச திரவத்துல ஒரு இடத்துல அழுத்தம் கொடுத்தா அது எல்லாப் பக்கமும் சமமா பரவும். இதை வெச்சு ஜோசப் பிராமா 1795-ல ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே சமாச்சாரம் 1921-ல டூசன்பெர்க்னு ஒரு அமெரிக்கக் கார்ல நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கா வந்துச்சு. அதுக்கப்புறம் பெட்ரோல் கார் என்ன, கரண்ட் கார் என்ன, எல்லாத்துலயும் இன்னிக்கு வரைக்கும் அதே விதிதான்.

நீங்க பெடலை மிதிக்கறீங்க. அது மாஸ்டர் சிலிண்டர் உள்ள இருக்குற பிஸ்டனைத் தள்ளுது. பிரேக் ஆயில் பைப் வழியா ஓடிப்போய் முன் வீல்ல டிஸ்க் பேடையும், பின் வீல்ல டிரம் உள்ள இருக்குற ஷூவையும் அழுத்துது. இதுல மேஜிக் என்னன்னா, திரவத்தை அமுக்க முடியாது. நீங்க எவ்வளவு தள்ளினீங்களோ அவ்வளவும் அந்தப் பக்கம் போய்ச் சேரும். அதனாலதான் நல்ல பிரேக் பெடல், காலுக்குக் கீழ ஒரு செங்கல் இருக்குற மாதிரி நிக்கும்.

அந்த ஆயில் நடுவுல ஒரு காத்துக் குமிழி புகுந்துட்டா? காத்தை அமுக்க முடியும். உங்க கால் பலம் சக்கரத்துக்குப் போகாம அந்தக் குமிழியை நசுக்குறதுலயே செலவாயிடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். மறுபடி மறுபடி மிதிச்சா, மாஸ்டர் சிலிண்டர் இன்னும் கொஞ்சம் ஆயிலை உள்ள தள்ளும், பெடல் மேல வரும். குமிழி எங்கயும் போகலை, அங்கயேதான் உக்காந்திருக்கு. சித்தப்பா நாலு வருஷமா செஞ்சது அதுதான்!

பெடல் அமுங்கினாலே காத்துதான்னு முடிவு பண்ணிடக்கூடாது. காரணம் நிறைய. எதுன்னு கண்டுபிடிக்க ஸ்கேனர், லேப்டாப் எதுவும் வேணாம். வண்டியை சமதரையில நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல் வெச்சுட்டு, பெடல்கிட்ட இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க. அதுவே பதில் சொல்லும்.

ஒண்ணு: டப்பாவுல ஆயில் எவ்வளவு?

பானெட்டைத் திறந்தா மாஸ்டர் சிலிண்டர் மேல ஒரு வெள்ளை டப்பா இருக்கும். மேக்ஸ், மின்னு ரெண்டு கோடு. பேடு தேயத் தேய ஆயில் கொஞ்சம் கொஞ்சமா இறங்கறது சகஜம். மாசா மாசம் இறங்கினா அது சகஜம் இல்லை, எங்கயோ லீக். பிரேக் சிஸ்டம் மூடின சிஸ்டம். பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ந்து போக வழியே கிடையாது.

ரெண்டு: முதல் மிதியும் ரெண்டாவது மிதியும் ஒண்ணா?

முதல் மிதிக்கு உள்ள போய், ரெண்டாவது மிதிக்கு மேல வந்து, ஆனா அப்பவும் பஞ்சு மாதிரியே இருந்தா காத்து. ரெண்டாவது மிதிக்கு மேல வந்து செங்கல் மாதிரி கெட்டியா நின்னா பெரும்பாலும் பின் டிரம்ல ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாயிருக்கு, அட்ஜஸ்ட் பண்ணணும். ஹேண்ட் பிரேக்கும் ரொம்ப மேல வரைக்கும் வருதா? அப்ப சந்தேகம் உறுதி.

மூணு: அழுத்திப் பிடிச்சா அங்கயே நிக்குதா?

இதுதான் மாஸ்டர் டெஸ்ட். மிதமான அழுத்தத்துல காலை அப்படியே ஒரு நிமிஷம் வெச்சிருங்க. பெடல் மெதுவா, லிஃப்ட் இறங்கற மாதிரி, தரையைப் பார்த்து இறங்கினா ரெண்டு காரணம்தான். ஒண்ணு வெளிய லீக். வெளிய ஒரு சொட்டுகூட ஈரம் இல்லைன்னா, மாஸ்டர் சிலிண்டர் உள்ள ரப்பர் கப் தேஞ்சு, ஆயில் முன்னாடி போகாம அதைத் தாண்டிப் பின்னாடி வழியுது. இங்க ஒரு விஷயம் குழப்பும். இன்ஜின் ஆஃப்ல நாலஞ்சு தடவை மிதிச்சு, காலை வெச்சபடியே ஸ்டார்ட் பண்ணா, பூஸ்டர் உள்ள வண்டியில பெடல் லேசா ஒரு தடவை கீழ இறங்கி நின்னுடும். அது நோய் இல்லை. பூஸ்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

நாலு: ஈரம் எங்க?

நாலு சக்கரத்தோட உள்பக்கத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. பைப் ஜாயின்ட், ரப்பர் ஹோஸ், பெடலுக்கு மேல ராடு உள்ள போற இடம், காலடி மேட், எல்லாத்தையும் பாருங்க. பெடலை ஒருத்தர் மிதிக்கட்டும், நீங்க முன் வீல் ஹோஸை கவனிங்க. பழைய ரப்பர் பலூன் மாதிரி உப்புச்சுன்னா அதுவும் பெடலை மெத்துன்னு ஆக்கும். வெடிப்பு விட்ட ஹோஸ்னா கேள்வியே வேணாம், மாத்திடுங்க.

அஞ்சு: எப்ப அமுங்குது?

காலையில நல்லா இருந்து, மலை இறங்கும்போது மட்டும் அமுங்கினா, அது வேற வியாதி. அதுக்குத் தனியா வர்றேன்.

ஆயில் எங்க போச்சு?

மறுநாள் காலையில தம்பியும் நானும் மத்தூர் ரோட்டுல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். புளியமரம், அதுக்குக் கீழ ஒரு தகர ஷெட். மெக்கானிக் அண்ணன் கார்ல கையே வைக்கலை. முதல்ல ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிரேக் ஆயில் எப்ப ஊத்துனீங்க தம்பி?"

தம்பி பெருமையா சொன்னான். "மாசா மாசம் அப்பா ஊத்திடுவார்ண்ணா. கரெக்டா மெயின்டெய்ன் பண்ணுவார்."

அண்ணன் சிரிச்சார். "அப்ப மாசா மாசம் ஊத்துனது எங்க போச்சு?"

சித்தப்பா நாலு வருஷமா கேக்காத கேள்வி. பின் இடது சக்கரத்தைக் கழட்டினார். டிரம்மைத் தட்டி எடுத்தார். உள்ள வீல் சிலிண்டரோட ரப்பர் பூட் நனைஞ்சு, ஷூ ரெண்டும் ஆயில்ல குளிச்சு, கறுப்பா பிசுபிசுன்னு இருக்கு. ஆயில் வெளிய வந்த வழியிலயே காத்து உள்ள போயிருக்கு. ஆயில் படிஞ்ச ஷூ டிரம்மைப் பிடிக்காது. அவசரத்துல அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். சித்தப்பா ரோட்டுல முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாததால இத்தனை நாள் தெரியலை.

வீல் சிலிண்டர் புதுசு, பின் ஷூ ரெண்டு பக்கமும் புதுசு. ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும், ஜோடியாத்தான் மாத்தணும். அப்புறம் ஏர் எடுக்கற வேலை. இதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் பெடல்ல, ஒருத்தர் சக்கரத்துகிட்ட. நிப்பிள்ல ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் இருக்குற பாட்டில்ல முக்கணும். பெடலை அழுத்திப் பிடி... நிப்பிளைத் திற... குமிழி வெளிய வரும்... நிப்பிளை மூடு... அப்புறம்தான் காலை எடு. வரிசை மாறி, நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தா வெளிய போன காத்து திரும்பி உள்ள வரும். நடுவுல டப்பா காலியாகவும் கூடாது, காலியானா மொதல்லயிருந்து ஆரம்பிக்கணும். மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரமா இருக்குற சக்கரத்துல ஆரம்பிக்கறது வழக்கம். சில வண்டிக்கு வரிசை வேற, சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துக்கணும். 2019 ஏப்ரல்ல இருந்து புதுக் கார் எல்லாத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதுல சில மாடலுக்கு ஏர் எடுக்க கம்ப்யூட்டரும் வேணும்.

அண்ணன் சக்கரத்துகிட்ட. பெடல்ல யாரு? நான்தான்! உற்சாகத்துல தரை வரைக்கும் மிதிச்சு மிதிச்சு ஏர் எடுத்தேன். குமிழி நின்னுச்சு. பெடல் செங்கல் மாதிரி ஆச்சு. தம்பி விசில் அடிச்சான். போன்ல நண்பர்களுக்கு 'சனிக்கிழமை கன்ஃபார்ம்'னு மெசேஜ் போட்டான்.

கிளம்பற நேரம். பிசிக்ஸ் படிக்கற தங்கச்சி, தம்பிக்கு ஒரு வயசு சின்னவ, சும்மா டிரைவர் சீட்ல ஏறி உக்காந்தா. பிரேக்குல காலை வெச்சு அழுத்திப் பிடிச்சா. பத்து, இருபது, முப்பது செகண்ட். "அண்ணா, இது கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருக்கே?"

யாரும் நம்பலை. அண்ணன் வந்து அழுத்திப் பார்த்தார். முகம் மாறிச்சு. நாலு சக்கரமும் காஞ்சு கிடக்கு, எங்கயும் ஈரம் இல்லை. மாஸ்டர் சிலிண்டர்!

காலையில இந்தப் பிரச்னை இல்லையே, இப்ப எப்படி வந்துச்சு? அண்ணன் நிதானமா விளக்கினார். ஒரு வண்டியில பெடல் தினமும் போற தூரம் கொஞ்சம்தான். ரப்பர் கப் அந்த இடத்துலயே முன்னாடி பின்னாடி போய், சிலிண்டர் சுவர் அங்க வழவழன்னு இருக்கும். அதுக்கு அந்தப் பக்கம், கப் போகாத இடத்துல, வருஷக்கணக்கா துருவும் அழுக்கும் படிஞ்சிருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிச்சா, கப் அந்தச் சொரசொரப்புல உரசி கிழிஞ்சிடும். அதனால பழைய வண்டின்னா பெடலுக்குக் கீழ ஒரு மரக்கட்டை வெச்சு, பாதி தூரத்துக்கு மேல போகாம மிதிக்கணும்.

"நான் சொல்லியிருக்கணும் தம்பி, மறந்துட்டேன்"னார் அண்ணன். பெரிய மனசு. மிதிச்ச கால் யாரோடது? பத்தி எழுதி ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற இந்த மகானோடது!

தங்கச்சி அழுத்திப் பிடிக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்? நாலு பசங்க சனிக்கிழமை அந்த வண்டியில மலை ஏறியிருப்பாங்க. அதை நினைச்சா இப்பவும் எனக்குக் கை சில்லுன்னு ஆகுது. ரிப்பேர் பண்ணதுக்கு அப்புறமும் டெஸ்ட் பண்ணணும்னு அன்னிக்குத்தான் நான் கத்துக்கிட்டேன்.

ஒரு குடம் கொதிநீர்

இப்ப அஞ்சாவது கேள்விக்கு வருவோம். மலையில மட்டும் ஏன் அமுங்குது?

ஒரு கணக்கு போடலாம் வாங்க. 800 கார், நாலு பேர், பை எல்லாம் சேர்த்து 900 கிலோன்னு வெச்சுக்குங்க. 600 மீட்டர் உயரம் இறங்கறோம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா சுமார் 53 லட்சம் ஜூல். முப்பது டிகிரியில இருக்குற 18 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்க இது போதும். ஒரு பெரிய குடம்! இன்ஜினும் எதிர்காத்தும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கும். நீங்க நியூட்ரல்ல இறங்கினா இன்ஜின் பங்கு கட். கிட்டத்தட்ட முழு வெப்பமும் அந்தச் சின்ன டிஸ்க், டிரம் தலையிலதான்.

அந்தச் சூடு ஆயிலுக்கும் போகும். பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம், காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக்கூடாதுங்கறது விதி. அதே ஆயில் நூத்துக்கு மூணே முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணி குடிச்சுட்டா, அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிடும். டாட் 4-னா புதுசுல 230, ஈரமானா 155. மலை இறக்கத்துல ஆயில் கொதிச்சா ஆவிக் குமிழி வரும். ஆவியையும் அமுக்கலாமே! பெடல் தரைக்குப் போயிடும். கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டா ஆவி மறுபடி ஆயிலாயிடும், பெடல் நல்லாயிடும். 'இப்ப சரியாயிடுச்சு மச்சி'ன்னு கிளம்புவாங்க. ஆபத்து அங்கதான்.

இதுக்கு ஒரு அண்ணன் உண்டு. பெடல் கெட்டியாவே இருக்கும், ஆனா வண்டி நிக்காது, கருகின வாடை வரும். அது பேடும் ஷூவும் சூட்டுல பிடிப்பை இழக்கறது. ரெண்டுக்கும் உடனடி மருந்து ஒண்ணுதான். பாதுகாப்பா ஓரம் கட்டி நல்லா ஆறவிடறது. ஓரங்கட்டின பிரேக் மேல தண்ணி ஊத்தாதீங்க, சூட்டுல இருக்குற டிஸ்க் கோணிடும்.

நம்ம பக்கத்துலயே பாடம் இருக்கு. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவுல தொப்பூர் கணவாய். 2020 டிசம்பர்லயும், 2024 ஜனவரியிலயும் அந்த இறக்கத்துல கட்டுப்பாடு இழந்த லாரி முன்னாடி போன வண்டிகள் மேல மோதி, ரெண்டு தடவையும் நாலு நாலு உயிர் போச்சு. லாரியில இருக்குறது ஏர் பிரேக், சிஸ்டம் வேற. ஆனா இறக்கத்தோட கணக்கு எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல இறங்காதீங்கன்னு அங்க அவ்வளவு தூரம் சொல்றது சும்மா இல்லை. எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. வேகத்தை இன்ஜின் பிடிக்கட்டும், பிரேக் அப்பப்ப வந்து கைகொடுக்கட்டும்.

இதை மட்டும் செய்யாதீங்க ப்ளீஸ்!

* பிரேக் ஆயில் டப்பாவுல இன்ஜின் ஆயில், வேற எந்த எண்ணெயும் ஊத்தாதீங்க. ரப்பர் கப் எல்லாம் உப்பி மொத்த சிஸ்டமும் போயிடும்.

* வருஷக்கணக்கா மூடி திறந்து வெச்ச டின், ஏர் எடுக்கும்போது பாட்டில்ல பிடிச்ச பழைய ஆயில் ரெண்டையும் திரும்ப ஊத்தாதீங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுசா மாத்துங்க. செலவு ஒரு பிரியாணிக் கணக்குதான்.

* ஜாக்கி மேல மட்டும் நிக்குற வண்டிக்குக் கீழ தலையைக் கொடுக்காதீங்க. ஸ்டாண்டு வெக்கணும்.

* டிரம் தூசியை வாயால ஊதாதீங்க, ஏர் பிடிச்சும் அடிக்காதீங்க. பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால துடைங்க.

* பெயின்ட் மேல பிரேக் ஆயில் சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. இல்லைன்னா பெயின்ட் உரிஞ்சு வரும்.

* நீங்களே கண்டுபிடிங்க, தப்பில்லை. ரிப்பேர் பண்றது பழகின கையா இருக்கட்டும்.

ஓடும்போதே பெடல் உள்ள போயிட்டா? பதறாதீங்க. வேகமா திரும்பத் திரும்ப மிதிங்க, கியரை ஒவ்வொண்ணா இறக்குங்க, ஹேண்ட் பிரேக்கை பட்டனை அழுத்தினபடியே மெதுவா மெதுவா தூக்குங்க. ஹாரனும் ஹசார்டு லைட்டும் போடுங்க. வண்டி நிக்கற வரைக்கும் சாவியைத் திருப்பி எடுக்காதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆயிடும். அவசரத்துல உயிர் காக்கத்தான் பம்ப் பண்றது. தினசரி ஓட்டறதுக்கு இல்லை!

சனிக்கிழமை என்ன ஆச்சு?

மாஸ்டர் சிலிண்டர் கிருஷ்ணகிரியில இருந்து வரணும், சனிக்கிழமை சாயங்காலம் ஆகும்னு சொல்லிட்டாங்க. தம்பிக்கு முகம் தொங்கிப் போச்சு. நாலு பேருக்கும் போன் போட்டு 'கார் இல்லடா'ன்னு சொல்றது அந்த வயசுல எவ்வளவு கேவலமா இருக்கும்னு எனக்கும் தெரியும். 'பயந்தாங்கொள்ளி'ன்னு ஒருத்தன் கலாய்ச்சான். 'மெதுவா போனா ஒண்ணும் ஆகாது, வாடா'ன்னான் இன்னொருத்தன். தம்பி ஒரு நிமிஷம் யோசிச்சான். அப்புறம் சொன்னான், "ஏறும்போது மெதுவா போலாம்டா. இறங்கும்போது மெதுவா போகத்தான் பிரேக் வேணும்."

சபாஷ்! நாலு பேரும் திருப்பத்தூர் போய் பஸ்ல ஏலகிரி ஏறினாங்க. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு, வளைவு பேரை எல்லாம் கத்திக்கிட்டே போனாங்களாம். கார்ல போயிருந்தா டிரைவர் ஒருத்தன் ரோட்டை மட்டும்தான் பார்த்திருப்பான்.

ஞாயித்துக்கிழமை காலையில கார் வந்துச்சு. புது மாஸ்டர் சிலிண்டர், புது ஆயில், பெடலுக்குக் கீழ மரக்கட்டை வெச்சு எடுத்த ஏர். ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கற டெஸ்ட்டை இந்தத் தடவை தங்கச்சிதான் பண்ணா, வாட்ச்சைப் பாத்துக்கிட்டே. பெடல் அசையலை.

சித்தப்பா சந்தைக்குக் கிளம்பினார். நானும் பக்கத்துல ஏறிக்கிட்டேன். தெருமுனை வந்ததும் பழக்கதோஷத்துல கால் ரெண்டு தடவை பம்ப் பண்ணப் போச்சு. முதல் மிதிக்கே வண்டி டக்குனு நின்னுடுச்சு. பின் சீட்ல இருந்த காலிக் கூடை முன்னாடி வந்து விழுந்துச்சு.

சித்தப்பா கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடியே பேசாம உக்காந்திருந்தார். அப்புறம் மெதுவா கேட்டார். "இப்படித்தான் இருக்கணுமாப்பா இது? உங்க சித்தியையும் புள்ளைங்களையும் வெச்சுக்கிட்டுதானே நாலு வருஷம் ஓட்டினேன்..."

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை மக்களே. கெட்டது ஒரே நாள்ல வந்தா நமக்குத் தெரியும். தினம் ஒரு நூல் அளவு வந்தா அதுதான் இயல்புன்னு நம்பிடுவோம். கால் பழகிடுது, மனசும் பழகிடுது.

அதனால இந்த வார ஹோம்வொர்க் ரொம்ப சிம்பிள். வீட்டுக்குப் போனதும் கார் சாவியைக் கேளுங்க. வண்டியை எங்கயும் எடுக்க வேணாம். டப்பாவுல ஆயில் பாருங்க. பிரேக்கை ஒரு தடவை மிதிங்க, ஒரு நிமிஷம் அப்படியே பிடிங்க. இறங்குச்சுன்னா டூர் கேன்சல், மெக்கானிக் கன்ஃபார்ம். அப்பா 'பம்ப் பண்ணா நிக்கும்டா'ன்னு சொன்னா சண்டை போடாதீங்க. எங்க சித்தப்பா கதையைச் சொல்லுங்க.

அடுத்த வாரம் வேற ஒரு ஸ்பேனரோட வர்றேன். அதுவரைக்கும் பத்திரமா போங்க, பத்திரமா நில்லுங்க!